இமையத்தை எந்த அமர்வில் உட்கார வைப்பீர்கள்?

இலக்கிய விழா அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் அழைப்பிதழ்களை விடாமல் படிக்கிற வாசகன் நான். 'நாவல் கலை' என்று ஓர் அமர்வு போடுகிறீர்கள், 'தலித் இலக்கியம்' என்று இன்னொன்று. இரண்டாவது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறது. யாரை எதில் போடுவது என்பதைப் புத்தகத்தைப் படித்துத்தான் முடிவு செய்கிறீர்களா என்பது சந்தேகம்.

தன்னைத் தலித் எழுத்தாளர் என்று அழைப்பதை நாவலாசிரியர் இமையம் ஏற்பதில்லை. 1994இல் அவருடைய முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' வந்தபோதே சண்டை ஆரம்பித்துவிட்டது. அதில் வரும் ஆரோக்கியம், காலனிக்குத் துணி வெளுக்கிற வண்ணாத்தி. இருட்டியதும் வீடு வீடாகப் போய் ராச்சோறு வாங்கித்தான் பிழைப்பு. மகன் கிறிஸ்தவப் பாதிரியாராகிவிட மாட்டானா என்பது அவள் ஏக்கம். அவளை ஏவுகிறவர்களும் அலைக்கழிக்கிறவர்களும் ஊர் ஒதுக்கிவைத்த காலனிக்காரர்களே. எதிரியை விட்டுவிட்டு நம் வீட்டு அழுக்கையா வெளியில் காட்டுவது என்று தலித் தரப்பிலிருந்தே கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் பிரதிநிதியாக மட்டும் உட்கார்ந்து எழுதியிருந்தால் ஆரோக்கியம் நமக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

'பெத்தவன்' (2012) கதையை எந்த அமர்வில் வைப்பீர்கள்? தலித் இளைஞனைக் காதலித்த பெண்ணைக் கொன்றுவிடச் சொல்கிறது ஊர். கதையோ ஆதிக்கசாதிக்காரரான அப்பா பழனியின் நெஞ்சுக்குள் நடக்கிறது. 2020க்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற 'செல்லாத பணம்' நாவலில் ஒரு குடும்பம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் காத்துக் கிடக்கிறது. அதற்கு எந்த அமர்வு?

அதற்காக அவரைக் கூட்டமே ஆகாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். தான் திமுககாரன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறவர். எழுத்தாளருக்குக் கட்சி எதற்கு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு (எனக்கும் அதில் கொஞ்சம் நெருடல்தான்). ஆனால் கட்சி அவராகப் போய்ச் சேர்ந்த இடம். பிறப்பை வைத்துப் பிறர் ஒட்டுகிற சீட்டு அப்படியா?

சரி, தலித் இலக்கியம் என்ற பெயரே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 1992இல் பாமாவின் தன்வரலாற்று நூலான 'கருக்கு' வந்ததும், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டிப் பலர் எழுத வந்ததும் தமிழுக்குப் பெரிய வரவு. அந்தப் பெயரைத் தாங்களே விரும்பி ஏற்கிறவர்களிடமிருந்து அதைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. நிகழ்ச்சி நிரலை நிரப்பும் வசதிக்காக நீங்கள் அதை எடுத்துக்கொள்வதுதான் உறுத்துகிறது. 'உயர்சாதி எழுத்து' என்று ஓர் அமர்வு போட்டு யாரையாவது மேடையேற்றியிருக்கிறீர்களா?

அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்முன் எந்தத் தலைப்பில் பேச விருப்பம் என்று எழுத்தாளரிடமே கேளுங்கள். இமையம் வந்தால் உரையாடல் எழுதுவது பற்றிப் பேசச் சொல்லுங்கள். கடலூர்ப் பக்கத்துப் பேச்சை வைத்துக்கொண்டே பக்கம் பக்கமாகக் கதையை நகர்த்துகிறாரே, அதை எப்படிச் செய்கிறார் என்று கேட்க எனக்கு ஆசை. காலை அமர்வாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்