‘மாமூல்படி’ என்று எழுதியவன் நான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயம் வட்டாரத்தில் 34 ஆண்டுகள் ஆவண எழுத்தராக இருந்துவிட்டு, கண் மங்கியதால் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டவன் நான். பாகப்பிரிவினை பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படிக்கிறேன். யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சட்டப் பிரிவுகளோடு விளக்குகிறார்கள். அந்தப் பங்குக்கு எந்த வழியாக நடந்து போவது என்று இதுவரை ஒருவரும் எழுதக் காணோம்.

எங்கள் வட்டாரத்துத் தோட்டம் எப்படியிருக்கும் என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் வேலி அமைந்த பொதுப்பாதையான இட்டேரியிலிருந்து ஒரு வண்டித்தடம் உள்ளே போகும். சுற்றிலும் கிளுவை வேலி. நடுவிலோ மூலையிலோ ஒரு கிணறு, அதில் ஒரு மோட்டார். மின் இணைப்பு பெரும்பாலும் காலமாகிவிட்ட அப்பாரு (தாத்தா) பெயரிலேயே இருக்கும். நிலத்தை எத்தனை கூறாகவும் போடலாம். கிணற்றைக் கூறு போட முடியாது. தடத்தைக் கூறு போட்டால் யாருக்கும் ஆகாது. அதனால் பத்திரத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்ப்போம்: ‘கிணற்றில் பொதுவில் பாதி பாத்தியமும், மாமூல்படி வண்டித்தடத்தில் போகவரப் பாத்தியமும் உண்டு.’ பாத்தியம் என்றால் உரிமை, மாமூல்படி என்றால் வழக்கத்தில் இருந்தபடி. தடம் எத்தனை அடி அகலம், எந்த ஓரமாகப் போகிறது, எந்த நாள் யாருக்குத் தண்ணீர், மோட்டார் எரிந்துபோனால் யார் செலவு என்பதெல்லாம் அதில் இருக்காது. இந்த வாக்கியத்தை எத்தனை பத்திரங்களில் எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. (மாமூல் என்ற சொல்லுக்கு அலுவலகங்களில் இன்னொரு பொருளும் உண்டு. அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.)

மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மாட்டுவண்டி போகும் அளவு எல்லோருக்கும் தெரியும். பிறகு டிராக்டர் வந்தது, போர்வெல் லாரி வந்தது. பத்திரத்தில் மட்டும் மாட்டுவண்டியே ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். அப்பா 1996-இல் காலமானார். அப்பாரு வழியில் வந்த புஞ்சை 6 ஏக்கர். மறு ஆண்டு நானும் தம்பியும் பிரித்துக்கொண்டோம். பத்திரம் எழுதியவனும் நானே. கூறு போட்டது நான், முதலில் எடுத்தது தம்பி. அவன் கிணறு இருந்த கிழக்குப் பாதியை எடுத்தான். இட்டேரியை ஒட்டிய மேற்குப் பாதி எனக்கு வந்தது. அவன் வெளியே வர என் நிலம் வேண்டும், என் பயிருக்குத் தண்ணீர் வர அவன் நிலம் வேண்டும். ‘மாமூல்படி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

2008-இல் தம்பி மகன் கறிக்கோழிப் பண்ணை போட்டான். தீவன லாரி வர வேண்டும். அதற்குள் நான் தடத்தோரமாகத் தென்னை வைத்து, வேலியையும் ஒரு முழம் தடத்துக்குள் தள்ளியிருந்தேன். மாமூல் என்றால் மாட்டுவண்டித் தடம்தானே என்று வாதாடினேன். எழுதியவனுக்குத்தான் பொருள் சொல்லும் உரிமை என்று ஒரு நினைப்பு. அடுத்த வாரம் என் தண்ணீர் முறையன்று மோட்டார் ஓடவில்லை. ஃபியூஸ் போய்விட்டது என்றான். ஃபியூஸ் என் முறையன்று மட்டுமே போய்க்கொண்டிருந்தது. நீதிமன்றத்துக்குப் போனோம். ஒன்பது ஆண்டுகள். இடையில் நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையர் டேப் பிடித்து அளந்ததில் தடம் ஓரிடத்தில் 9 அடி, இன்னோரிடத்தில் 11 அடி. பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது ஒருவர் பங்கின் வழியாகப் போகாமல் மற்றவர் தன் பங்கை அனுபவிக்க முடியாது என்றால், எழுதாவிட்டாலும் வழி உண்டு என்று 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் எத்தனை அடி என்று அது சொல்லாது. பிரிக்கவே வசதிப்படாத சொத்தென்றால், பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்றுப் பணமாகப் பிரிக்கலாம் என்கிறது 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம். நகரத்து வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். அப்பாரு வெட்டிய கிணற்றை விற்கச் சொல்லிப் பங்காளிகள் முன்னால் நான் எப்படிக் கேட்பேன்?

இன்று நடப்பது என்ன? முதலில் பத்திரம் பதிவாகிறது. பிரிந்த பங்குக்குத் தனியாகத் தரும் உட்பிரிவுப் பட்டாவுக்காக நில அளவையர் வருவது அதற்குப் பிறகு. விவசாய நிலப் பாகப்பிரிவினையிலாவது இதைத் திருப்பிப் போட வேண்டும். முன்னால் அளந்து கல் நடட்டும். தடத்தின் அகலம் அடிக்கணக்கில், வாய்க்கால் போகும் ஓரம், கிணற்று முறை நாள், மின் இணைப்பு யார் பெயரில் என்பதெல்லாம் வரைபடத்தோடு பத்திரத்தில் வரட்டும். ‘மாமூல்படி’ என்று எழுதி வந்தால் சார்பதிவாளர் திருப்பி அனுப்பட்டும். குடும்பத்தாருக்குள் செய்யும் பாகப்பிரிவினையில் பங்கு ஒன்றுக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 2023 ஜூலையில் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது. பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000-லிருந்து 10,000 ஆனது. அவ்வளவு வாங்குகிறவர்கள் ஒரு வரைபடமும் கேட்டு வாங்கலாமே.

அந்த 1997 பத்திரத்தில் நான் எழுதாமல் விட்டது தடத்தின் அளவு மட்டும் அல்ல. தங்கையையும் விட்டேன். அவளுக்கு 1984-இல் திருமணம். மகள்களுக்குச் சம உரிமை தந்த தமிழ்நாட்டுச் சட்டம், 1989 மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை விலக்கியது. அதை மட்டும் வீட்டில் சொன்னேன். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பாவுக்கும் மகன்கள் இருவருக்கும் உரிய மூன்று பாகங்களில் அப்பாவின் ஒரு பாகம் அம்மா, நாங்கள் இருவர், தங்கை என நான்காகப் பிரிய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. தங்கைக்கு மொத்தத்தில் பன்னிரண்டில் ஒன்று, அதாவது 50 சென்ட். சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தாயிற்றே என்று பேசிக்கொண்டோம். என் திருமணத்தில், சகோதரி செய்யும் சடங்கான இணைச்சீர் செய்தவள் அவள். அம்மா எங்களோடுதானே இருக்கிறார் என்று அவர் பங்கையும் எழுதவில்லை.

2017-இல் தம்பியோடு சமாதானமானது. தென்னை நான்கை வெட்டி, 14 அடி தடம் விட்டு, வரைபடத்தோடு பதிந்தோம். மறு ஆண்டு என் பங்கிலிருந்து தங்கைக்கு 50 சென்ட் செட்டில்மென்ட் எழுதினேன். பத்திரச் செலவைத் தம்பி ஏற்றுக்கொண்டான். நிலத்தைக் காட்ட அழைத்துப் போனேன். வேலியோரம் நின்று சுற்றிலும் பார்த்தவள், “அண்ணா, இதற்குத் தடம் எது?” என்றாள். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து, 14 அடி அகலம், 212 அடி நீளம் என்று எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்