சாமான் அறையில் கிடக்கும் நாவல்கள்: படிப்பகச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு அண்ணன்மாருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை படிப்பகத்தில் இரண்டு அலமாரிகள் ஆள் மாறியிருந்தன. அங்கே இருந்த அறிவியல் புனைகதைகளும் மாயாஜால நாவல்களும் மைலோ பெட்டிகளில் அடைபட்டுக் கோயில் சாமான் அறையில் கிடக்கின்றன. கேட்டால், "பிள்ளைகளுக்குப் பயன்படாத கதை" என்றார்கள். சரி, அந்த இடத்தில் வந்திருப்பது என்ன? பாதி, மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வின் மாதிரித் தாள்கள். அந்தத் தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள், ஐயா.

படிவம் இரண்டு படிக்கும் பிள்ளை ஒன்று ஜன்னலோரப் படியில் உட்கார்ந்து, கொசுவை ஒரு கையால் அடித்துக்கொண்டே படிக்கும். வேறு கிரகத்தில் சுரங்கம் தோண்டக் கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றிப்போகிற கதை. பாதியில் நிமிர்ந்து, "அங்கிள், கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பல்ல வந்தது மாதிரியே இருக்கே" என்றாள். அன்று வீட்டுக்குப் போய்ப் பாட்டியைக் குடைந்திருக்கிறாள். மறுவாரம் நாகப்பட்டினத் துறைமுகம், விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, கித்தா என்கிற ரப்பர் மரம், பால் பிடிக்கும் மங்கு என்று ஒரு கொப்பியில் ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். யாரும் கொடுத்த வீட்டுப்பாடம் இல்லை அது.

பேய் பூதம் என்று பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். நடுச்சாமத்தில் முனியாண்டி வெள்ளைக் குதிரையில் எல்லை சுற்றுவார் என்று கேட்டு, சுருட்டு வைத்துக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு ஒரு டிராகன் எம்மாத்திரம்!

வெறும் கற்பனை என்று ஒதுக்குவதற்கு முன் ஒன்று கேளுங்கள். 1815இல் நம் பக்கத்திலேயே, இந்தோனேசியாவின் சும்பாவா தீவில், தம்போரா எரிமலை வெடித்தது. அது வானில் கக்கியது வெயிலை மறைத்து, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழைக்கு வீட்டுக்குள் முடங்கிய நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களில் 18 வயது மேரி, பின்னாளில் மேரி ஷெல்லி, தொடங்கியதுதான் 1818இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. ஓர் உயிரை உண்டாக்கிவிட்டு அதற்குப் பொறுப்பேற்காமல் ஓடுகிறவனின் கதை. செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இன்றைக்கும் அவனைத்தான் இழுக்கிறார்கள்.

இவ்வளவு நியாயம் பேசினாலும், நான் படிப்பது சுகத்துக்காகத்தான். சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவைச் செம்பனை எண்ணெய் ஆலையில், லாரியோடு எடைக்குக் காத்திருந்த வரிசையில்தான் முதலில் சந்தித்தேன். பின்னால் நின்றவர் மூன்று முறை ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை நகர்த்தினேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

பயிற்சி நூல்களும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலாவதியான தாள்களை எடுத்தாலே ஓர் அலமாரி மிஞ்சும். சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், வரும் சனிக்கிழமை நானே தூக்கி அடுக்குகிறேன். போன மழையில் அடிப்பெட்டி நனைந்திருக்கிறது. கரையான் வருவதற்குள் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
படிப்பக உறுப்பினன் ஒருவன்