மெழுகுதிரி யாருடைய பிள்ளைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லாயன் ஞாயிறை ஒட்டி உங்கள் பத்திரிகையில் வந்த தேவ அழைத்தல், அதாவது குருவாக வரும்படி கடவுள் அழைப்பது, பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் குருமடத்துக்குப் போகாததற்குக் கைபேசியும் வெளிநாட்டு மோகமும்தான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த என் பேரன், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, சுவாமியாகப் போக விருப்பம் என்றான். அவன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இருக்கிறது ஒரேயொரு ஆண்பிள்ளை." நான் மட்டும் என்ன செய்தேன்? முதலில் உயர்தரத்தை முடி, அப்புறம் பார்ப்போம் என்றேன். செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய்த் தேவ அழைத்தலுக்காக மெழுகுதிரி கொளுத்துகிறவள் நான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகத்தான் கொளுத்துகிறேன் என்பது அந்தோனியாருக்குத் தெரிந்திருக்கும்.

அப்போதும் அவன் விடவில்லை. சுவாமி இருக்கும் பங்குமனைக்கு இரண்டு தரம் போனான். முதல் தரம் சுவாமி மண்டபக் கூரை போடுகிறவருடன் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த தரம் மேசை நிறைய ரசீதுப் புத்தகங்கள். சுவாமியைக் குறை சொல்லமாட்டேன். தமிழ்ப் பூசை, சிங்களப் பூசை, கலியாணம், செத்தவீடு, அதற்கு மேல் கட்டட வேலையும் ஒரே மனிதர் தலையில் என்றால் அவரும் என்னதான் செய்வார்? பேரன் இப்போது கட்டாரில் கணக்கு வேலை பார்க்கிறான்.

உலகம் மாறிவிட்டது என்பதற்குக் கட்டுரையாளர் பாப்பரசர் 14ஆம் லியோ செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசியதைக் காட்டியிருந்தார். சரி. அவர் யாருடைய பெயரை எடுத்துக்கொண்டாரோ, அந்த 13ஆம் லியோ காலத்தில்தான், 1893இல், கண்டியில் பாப்பரசரின் குருமடம் தொடங்கியது. உலகம் அன்றும் மாறிக்கொண்டுதான் இருந்தது.

இன்னும் பின்னால் போனால், ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை, ஏறக்குறைய 30 வருடம், வீட்டுக்குள் செபம் சொல்லித்தான் நம் சனங்கள் விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். அவர் வந்த பிறகும் எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. ஊருக்கு ஊர் சபையை நடத்தும் ஊராட்களான மூப்பரையும் அண்ணாவியாரையும் பொறுப்பில் வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். 2015 சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது காலிமுகத்திடல் வெயிலில் நானும் நின்றேன். புனிதர் பட்டத்துக்குக் கைதட்டினோம், மூப்பரை மறந்துவிட்டோம்.

ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 537ஆம் பிரிவு சொல்கிறது. பேருக்கு இல்லாமல் அது உண்மையாக வேலை செய்தால், கூரைக்காரரோடு பேச வேறு ஆள் இருக்கும். வாசலில் நிற்கிற பையனோடு பேசச் சுவாமிக்கு நேரம் கிடைக்கும்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணக்கு எழுத வரட்டுமா என்று பங்கில் ஒருமுறை கேட்டேன். "பீடத்துக்குப் பூ வைக்க ஆள் இல்லை, அதற்கு வாருங்களேன்" என்றார்கள். போனேன். பூ இப்போதும் நான்தான் வைக்கிறேன். கணக்குப் புத்தகத்தை இன்னும் ஒருவரும் கண்ணில் காட்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13