கடல் அட்டை அட்டையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஒரு பள்ளியில் 26 ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். காலையில் தங்கள் நாளிதழைப் பிரித்ததும் எங்கள் மாவட்டப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அதில் அடிக்கடி வரும் செய்தி 'கடல் அட்டை பறிமுதல்'. எத்தனை கிலோ, எத்தனை மூட்டை, எந்த ஊர்க் கரை, வெளிநாட்டில் என்ன விலை என்று எல்லாம் இருக்கும். அது என்ன உயிரினம் என்று மட்டும் ஒரு வரி இருக்காது. அண்மையில் வந்த ஒரு செய்தியில் 'கடல் அட்டை மீன்' என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் போட்டிருந்த படமோ வயலில் காலைக் கவ்வும் அட்டையின் படம். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அது மீன் இல்லை, அட்டையும் இல்லை. ரத்தம் குடிக்கும் அட்டை மண்புழுவின் உறவு. உடல் முழுக்க வளையம் வளையமாக இருக்கும், இரண்டு முனையிலும் உறிஞ்சி இருக்கும். கடல் அட்டைக்கு இவை எதுவும் கிடையாது. அது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உடன்பிறப்பு, முட்தோலிகள் என்று நாம் படிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. பாடப் புத்தகத்தில் இதன் பெயர் கடல் வெள்ளரி. ஆனால் எங்கள் பிள்ளைகள் கரையில் கேட்டு வளர்ந்த பெயர் அட்டை. வெள்ளை அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை என்று வகை பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள்கூட, புத்தகத்தில் உள்ள கடல் வெள்ளரி வேறு ஏதோ வெளிநாட்டு உயிரினம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'டீச்சர், அது ரத்தம் குடிக்குமா?' என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்.

வகுப்பில் இதை விளக்க நான் வெண்டைக்காயைத்தான் எடுத்துப் போவேன். ஐந்து வரி உள்ள காயாகப் பார்த்து எடுத்துக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறை தெரியும். நட்சத்திர மீனுக்கு ஐந்து கை இருப்பதும் இந்த ஐந்தின் கணக்குதான். கடல் அட்டைக்கும் அதே ஐந்துதான், ஆனால் காயைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டதுபோல் அது கிடக்கிறது. ஒரு நுனியில் வாய், மறு நுனியில் கழிவுத்துளை. உடலின் நீளவாக்கில் ஐந்து பட்டைகளாகத் தசைகள் ஓடுகின்றன. தரையைத் தொடும் பக்கத்தில் நிறையக் குழாய்க்கால்கள். உடலுக்குள் இருக்கும் நீர்க்குழாய்களின் அழுத்தத்தால் அவை நீண்டு, ஒட்டி, சுருங்கும். அப்படித்தான் அது நகர்கிறது.

மூளை கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும் அதிலிருந்து பிரியும் நரம்புகளும்தான். மூச்சு விடும் விதத்தைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். கழிவுத்துளை வழியாகவே நீரை உள்ளிழுத்து வெளியே விடும். உள்ளே மரக்கிளைபோல் பிரிந்த இரண்டு உறுப்புகள் அந்த நீரிலிருந்து உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன. அந்த வழியாகவே வாலை முதலில் நுழைத்து உள்ளே போய்க் குடியிருக்கும் ஒல்லியான மீன்களும் உண்டு.

தோலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொட்ட சற்று நேரத்தில் கட்டைபோல் விறைத்துவிடும். அதே தோலைத் தேவைப்பட்டால் நெகிழ வைத்துப் பாறை இடுக்கிலும் நுழையும். தோலின் இணைப்புத் திசுவே நரம்பின் கட்டளைக்கு இறுகியும் இளகியும் கொடுப்பதால் இது நடக்கிறது. அந்தத் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கின்றன. நுண்ணோக்கியில் வைத்தால் மேசை வடிவம், பொத்தான் வடிவம் என்று அவ்வளவு அழகு. வகைக்கு வகை வடிவம் மாறும். அவித்துக் காயவைத்து அடையாளமே தெரியாமல் போன துண்டைக்கூட இவற்றை வைத்து எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியும்.

எதிரி நெருங்கினால் நூல் அட்டை பின்பக்கமாக வெள்ளை வெள்ளையாக ஒட்டும் நூல்களைப் பீய்ச்சும். மீனவர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தது அதனால்தான். இன்னும் பல வகைகள் தங்கள் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பிக்கும். சில வாரங்களில் புதுக்குடல் வளர்ந்துவிடும்.

இதெல்லாம் சுவாரசியத்துக்காக மட்டும் எழுதவில்லை. இது தின்பது மண். வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கி, அதில் கலந்திருக்கும் மக்கிய பொருளையும் நுண்ணுயிர்களையும் செரித்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளுகிறது. வெள்ளை அட்டை மணலுக்குள் புதைவதும் வெளியே வருவதுமாக இருப்பதால் கடலடி மண் கிளறிக்கொண்டே இருக்கும். மண்புழு வயலுக்குச் செய்யும் வேலை இது. பாக் நீரிணையின் கடற்புல் படுகைகளில் இந்த வேலையைச் செய்ய வேறு ஆள் அதிகம் இல்லை.

அடுத்து, நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இதன் இனப்பெருக்கம். வெளியில் பார்த்து ஆண் எது, பெண் எது என்று சொல்ல முடியாது. காலம் வரும்போது ஆண், பாம்பு படமெடுத்ததுபோல் முன்னுடலைத் தூக்கி நின்று விந்தணுவை நீரில் விடும். பெண்ணும் முட்டைகளை நீரில்தான் விடும். ஒரே பெண் லட்சக்கணக்கில் முட்டை விடும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் அருகருகே இருந்தால்தான் அவை சேரும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தால் அத்தனை முட்டையும் வீண். ஆகவே 'கொஞ்சம் மிச்சம் வைத்தால் போதும், தானாகப் பெருகிவிடும்' என்ற கணக்கு மீனுக்குச் சில சமயம் பொருந்தினாலும் இதற்குப் பொருந்தாது. கருவுற்ற முட்டையிலிருந்து வரும் இளம்புழு ஏறக்குறைய இரண்டு வாரம் நீரில் மிதந்து திரிந்துவிட்டுப் பிறகு கடற்புல் இலையில் போய் ஒட்டும். புல் படுகை அழிந்தால் அதற்கு இறங்க இடமில்லை.

அந்த இளம்புழுவுக்கு ஐந்தின் கணக்கு இல்லை, நம்மைப்போல் இடம் வலம் என்று இரண்டு பக்கம்தான். கரு வளரும் முறையிலும் முட்தோலிகளும் முதுகெலும்புள்ள விலங்குகளும் ஒரே பெரிய கிளையில் வருகின்றன. வயல் அட்டை வேறு கிளை. அதாவது, கடல் அட்டை வயல் அட்டைக்கு உறவு என்பதைவிட நமக்கு நெருங்கிய உறவு. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் மாறும்.

1982-இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த பதப்படுத்திய அட்டையை ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், அதாவது பிடிப்பதே குற்றமானது. யானைக்கும் ஆவுளியா என்ற கடல்பசுவுக்கும் கொடுத்த அதே இடம். முங்கி எடுத்தே பிழைத்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி, அதை நான் மறுக்கவில்லை. என் மாணவர்கள் பலருடைய வீட்டில் அந்தக் கஷ்டத்தைப் பார்த்திருக்கிறேன். எதிர்க்கரையில், இலங்கையின் வடக்கில் உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள், பண்ணை வைத்தும் வளர்க்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் கூடாது என்று மீனவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்க முடியும் என்று 1988-இலேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்து காட்டியது. தடை இருக்கட்டும் என்பவர்களும் எடுக்கட்டும் என்பவர்களும் இந்த உயிர் எப்படிப் பெருகுகிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். விலையிலிருந்து தொடங்கினால் பேச்சு விலையிலேயே நின்றுவிடுகிறது.

அதனால்தான் செய்திகளில் வெளிநாட்டு விலையைத் தலைப்பிலேயே போடுவதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கையில் காசில்லாத ஓர் இளைஞனுக்கு அந்தத் தலைப்பு விளம்பரமாகத்தான் தெரியும். அதற்குப் பதில் இரண்டு வரி, இது முட்தோலி இனம், கடலடி மண்ணைச் சுத்தம் செய்வது, நெருங்கி வாழ்ந்தால்தான் பெருகும் என்று போட்டால் போதும். பெயரை மாற்றச் சொல்லவில்லை. கடல் அட்டை என்பது எங்கள் மக்கள் வைத்த பெயர், அது இருக்கட்டும். படம் மட்டும் சரியானதாக இருக்கட்டும்.

தங்கள் சிறுவர் இணைப்பில் இதைப் பற்றி ஒரு பக்கம் போட முடிந்தால் மிகவும் மகிழ்வேன். படம் வரைபவரிடம் ஒரு வெண்டைக்காயையும் நறுக்கி வரையச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது உடனே புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
ராமநாதபுரம் மாவட்டம்