கணையமும் காந்தமும்

வந்தாறுமூலை

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. பட்டியில் கன்றுகள் தப்பியதை வாசித்ததும்தான் நிம்மதி. உம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் மாட்டுக் குடலோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று ஊரில் சொல்லித் திரிகிறாயாம். குடல் இல்லையடா, கணையம். மாடறுக்கும் மடுவத்தில் யாரும் தேடாத சாமான். புரதத்தை வெட்டும் திரிப்சின் என்ற நொதியம் அதிலிருந்துதான் வருகிறது. தோல் பதனிடவும் உதவும், ஆய்வுகூடத்தில் உயிர்க்கலம் வளர்ப்பவர்களுக்கும் வேண்டும்.

கணையத்தை அரைத்து வடித்தால் கொழுப்பும் இரத்தமும் வேறு புரதங்களும் சேர்ந்த கலங்கல் சாறுதான் வரும். அதைக் குழாயில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் பிரிக்கப் போனால் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். அதனால்தான் காந்தம். இரண்டு வகை இரும்பு உப்புகளைக் கரைத்து அமோனியா விட்டால், காந்தம் இழுக்கும் இரும்பு ஒக்சைட்டான மக்னடைற்று கறுப்பாகப் படியும். ஒவ்வொரு துணிக்கையும் சுமார் 10 நனோமீற்றர்தான், அதாவது ஒரு மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்கு. அதற்குச் சிலிக்கா பூசி, மேலே சோயாவின் திரிப்சின் தடுப்பானை, அதாவது திரிப்சினை இறுக்கிப் பிடித்து வேலை செய்யவிடாத புரதத்தை, கட்டுகிறோம். பச்சைச் சோயா போட்டால் கோழிக்குஞ்சு வளராது என்பார்களே, அதற்கு ஒரு காரணம் இந்தத் தடுப்பான்தான்.

தூளைச் சாறில் கலக்கிப் போத்தலுக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுக்க அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும், மிச்சத்தை ஊற்றிவிடலாம். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) 8இல் பிடித்த திரிப்சினை, கழுவியபின் 3க்கு இறக்கினால் விட்டுவிடும். அந்த அமிலத்தில் அது தன்னைத்தானே வெட்டிக்கொள்வதும் குறைவு, நல்ல வசதி. ஒரு சொட்டை எடுத்து, பழைய எக்ஸ்ரே படத்தில் விட்டு, பி.எச். சரிசெய்து இளஞ்சூட்டில் வைத்தேன். கழுவிப் பார்த்தால் கறுப்பைப் பிடித்து வைத்திருந்த ஜெலற்றின் என்ற புரதப் படலத்தோடு கறுப்பும் போய், வெறும் பிளாஸ்டிக் தெரிகிறது!

நனோ என்றதும் எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு ஐஸ்தான் கவலை. கணையத்தில் திரிப்சின் செயலற்ற வடிவில்தான் இருக்கும், சிறுகுடலுக்கு வந்தபிறகே வேலை தொடங்கும். வெட்டிய சூட்டோடு கிடந்தால் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கி, மற்றதையும் தூண்டிவிட்டு, கணையத்தையே கரைத்துவிடும். வெயில் ஏறியபின் வருகிற கணையத்தில் காந்தம் என்ன செய்யும்?

அக்கரைப்பற்று மடுவத்தில் உனக்குத் தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பார். சிறுகுடலின் முதல் வளைவோடு ஒட்டி, வெளிர் இளஞ்சிவப்பில் கட்டிகட்டியாக இருக்கும். கொழுப்பென்று எறிந்துவிட வேண்டாம் என்று சொல். றெஜிபோம் பெட்டியில் ஐஸோடு முதல் பஸ்ஸில் ஏற்றிவிடு, செலவு என்னுடையது. உம்மாவுக்கு என் சலாம். நீ வந்தால் ஒரு சட்டி எருமைத் தயிரும் கொண்டு வா.

உன் பழைய வகுப்புத் தோழன்