ஹாலே நகரத்திலிருக்கும் மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பொறையாற்றிலிருந்து அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலமாயிருக்கிறோம். நீ அனுப்பிய நீண்ட செய்தியை இருவரும் வாசித்தோம். பணி மாறும் வேளையில் செவிலியர்கள் நோயாளிகளைப் பற்றி வேகமாகப் பேசிக்கொள்ளும் ஜெர்மன் மொழி பாதிதான் விளங்குகிறது என்றும், மற்றவர்கள் உன்னிடம் காட்டும் பொறுமைகூட இளக்காரமாகவே தோன்றுகிறது என்றும், தகுதி அங்கீகாரத் தேர்வு நெருங்க நெருங்க "என்னைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்" என்ற எண்ணம் வலுக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய்.

"உன்னால் முடியும், நீ கெட்டிக்காரி" என்று நான் பதில் எழுதலாம்; அது பொய்யுமல்ல. ஆனால் அப்படிச் சொல்லப்படும் தைரியம் அடுத்த தவறு நேரும்வரைதான் நிற்கும். இப்போது சில பிரசங்கிமார் நம்மையெல்லாம் சிங்கக்குட்டிகள் என்று உரத்த குரலில் சொல்லி அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை காலையில் அந்தச் சிங்கம் எங்கே போகிறது என்று எனக்கு விளங்குவதில்லை. வேதம் வேறு விதமாகப் பேசுகிறது. இஸ்ரவேலரை விடுவிக்க எகிப்துக்குப் போ என்று தேவன் சொல்ல, "நான் எம்மாத்திரம்" என்று மோசே கேட்டபோது, அவனுடைய படிப்பையோ, அரண்மனையில் வளர்ந்த அனுபவத்தையோ தேவன் எடுத்துச் சொல்லவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்பதே பதில். மோசே தன்னைப் பற்றிக் கேட்டான். தேவனோ தம்மைப் பற்றிச் சொன்னார். தன் திறமையை அளந்து அளந்து நடுங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய விடுதலை இல்லை என்று நான் நினைக்கிறேன்.

நற்கருணைக்குமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் நீ மனப்பாடம் செய்த, நம் சபையின் விசுவாசத்தை விளக்கும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை நினைத்துப் பார். விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு அவர் எழுதிய விளக்கம், என் சொந்த அறிவினாலும் பலத்தினாலும் நான் கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ இயலாது என்ற அறிக்கையோடுதான் தொடங்குகிறது. இயலாமையை நாம் ஒளித்துவைக்க வேண்டியதில்லை; சபையில் எழுந்து நின்று அதைச் சொல்லித்தானே நற்கருணைக்குச் சேர்க்கப்பட்டோம்!

நீ வேலை செய்யும் ஊரில்தான், நம் ஊருக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு படித்தார் என்பது உனக்குத் தெரியும். சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தவர்; உடல்நலக் குறைவால் படிப்பை இடையில் விட்டவர். 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உடன் ஊழியர் புளுட்சோவுடன் நம் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயதை ஒட்டியிருக்கும்; தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது. உள்ளூர் ஆசிரியர் ஒருவரைப் பள்ளிப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கு வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகினார். குருப்பட்டம் பெற்ற ஒருவர் அப்படி உட்கார்ந்ததைக் கண்டு சிலர் சிரித்திருக்கவும் கூடும். 1708-இன் இறுதியில் தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநர் அவரைச் சிறையில் அடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் உள்ளே இருந்தார். ஆனாலும் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கேயே அச்சாகி முடிந்தது. 1719-இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல், அவர் இறந்தார். புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் கல்லறையை நீ பலமுறை பார்த்திருக்கிறாய். ஹாலேயிலிருந்து வந்தவர் நம் பிள்ளைகளிடம் எழுத்துக் கற்றார்; நம் ஊரிலிருந்து போன நீ ஹாலேயில் மொழி கற்கிறாய். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பது அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும், மகளே. உன் ஜெர்மன் போதவில்லை என்பது உண்மையான குறை. அதைப் பயிற்சியால் சரிசெய்யலாம், சரிசெய்யவும் வேண்டும், ஏனென்றால் ஒரு மருந்தின் அளவைத் தவறாகக் கேட்டால் துன்பப்படுவது நோயாளி. ஆனால் "ஆகவே நான் தகுதியற்றவள்" என்பது குறையல்ல, தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்ல உனக்கு அதிகாரமில்லை. அப்போஸ்தலனாகிய பவுலின் சரீரத் தோற்றம் பலவீனமானது, பேச்சு அற்பமானது என்று கொரிந்து சபையில் சிலர் ஏளனம் செய்தார்கள். அவர்களுக்கோ, "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை" என்று அவர் முன்பே எழுதியிருந்தார். மற்றவர்கள் மதிப்பிடுவதை மட்டுமல்ல, தன்னைத் தானே மதிப்பிடுவதையும் கர்த்தரிடம் விட்டுவிட்டார். உன் ஞானஸ்நானத்தில் கர்த்தர் உன்னைக் குறித்துச் சொன்னது எந்தத் தேர்வின் முடிவாலும் மாறாது.

ஜெபித்தும் தூக்கம் வராமலும் சாப்பிடப் பிடிக்காமலும் நாட்கள் நீண்டால், மருத்துவரிடம் போகத் தயங்காதே. அது அவிசுவாசம் ஆகாது. செவிலியாகிய உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மோசே மீண்டும் தயங்கியபோது தேவன் கோபங்கொண்டார். ஆனால் அதே மூச்சில் அவன் அண்ணன் ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். உன் வார்டில் முன்பே அந்தத் தேர்வை எழுதித் தேறிய மலையாளச் சகோதரி ஒருவர் இருப்பதாகச் சொன்னாயே, வாரத்தில் இரண்டு மாலை உன்னோடு உட்கார்ந்து பேசிப் பழக்குவாரா என்று அவரிடம் கேள். வார்டுப் பொறுப்பாளரிடமும், விளங்காததை இன்னொருமுறை மெதுவாகச் சொல்லும்படி கேள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஞாயிறு ஆராதனை முடிந்து பேசும்போது அம்மாவிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா