சமூகப்பணி அறிக்கையிலும் பயிற்சியிலும் குழந்தையின் சொல்லுக்கு இடம் கேட்டு மனு

அனுப்புநர்
களப்பணி மேற்பார்வையாளர்,
சமூகப்பணிப் படிப்பு

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
சமூகநலத் துறை

பொருள்: குழந்தையைப் பற்றி எடுக்கும் முடிவைக் குழந்தைக்கே தெரிவிப்பதைக் கட்டாயமாக்கவும், அதற்கான பயிற்சியைச் சமூகப்பணிப் படிப்பில் சேர்க்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் 18 ஆண்டுகளாகக் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். கடைசி 7 ஆண்டுகளாகச் சமூகப்பணி மாணவர்களின் களப்பணியையும் மேற்பார்க்கிறேன். இந்த மனுவை எழுத வைத்தது நானே எழுதிய பழைய அறிக்கை ஒன்று.

மாணவி ஒருவருக்கு மாதிரி காட்டுவதற்காக அந்தக் கோப்பை எடுத்தேன். தம்பியிடமிருந்து பிரித்து வேறு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமியின் கோப்பு அது. குடும்பப் பின்னணி, வருமானம், உடல்நலம், பள்ளி வருகை என்று நான்கு பக்கங்களையும் ஒழுங்காக நிரப்பியிருந்தேன். ‘குழந்தையின் கருத்து’ என்பதற்குப் படிவம் ஒதுக்கியிருந்தது ஒரே வரி. அதில் என் கையெழுத்தில் இருந்தது: “அமைதி. ஒத்துழைக்கவில்லை.” அன்று அவள் அமைதியாகவே இல்லை. “தம்பி ராத்திரி முழிச்சா யாரு கூட இருப்பா?” என்று மூன்று முறை கேட்டாள். கேள்விகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை, நானும் எழுதவில்லை. என்ன முடிவாயிற்று, ஏன் என்று யாரும் அவளிடம் சொல்லவுமில்லை. வண்டி வந்து நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மாணவி கோப்பைப் படித்து முடித்துவிட்டு, “சரி, இவ என்னதான் சொன்னா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது, கோப்பில் இல்லை.

1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. பெற்றோரிடமிருந்து பிரிக்கும் நடவடிக்கையில் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. இவை எங்களுக்கு மனப்பாடம். நாங்கள் தாண்டிப் போய்விடுவது, 12ஆம் பிரிவை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று விளக்கி 2009இல் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு வெளியிட்ட 12ஆம் பொதுக் கருத்துரையைத்தான். கேட்பதற்கு முன் குழந்தையைத் தயார்படுத்து, கேள், அதன் புரிதலை எடைபோடு, அது சொன்னதற்கு என்ன மதிப்புக் கொடுத்தோம் என்று அதனிடமே திரும்பச் சொல், முறையிட வழி வை என்று ஐந்து படிகளை அது வகுத்திருக்கிறது. எங்கள் நடைமுறை இரண்டாம் படியிலேயே தேங்கிவிடுகிறது.

‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்ற பேச்சு ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். இந்த உரிமைக்கு அந்தக் கருத்துரை வயது வரம்பு வைக்கவில்லை. விளையாட்டு, முகபாவம், வரைந்த படம்கூடக் கருத்துதான் என்கிறது. அதே சமயம், குழந்தை சொன்னபடியே செய்துவிட வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ற மதிப்பைத்தான் 12ஆம் பிரிவு கேட்கிறது. அந்தச் சிறுமியைத் தம்பியோடு வைக்க அன்று உண்மையிலேயே இடம் இல்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். உடன்படிக்கையின் 2, 3, 6, 12 என்ற நான்கு அடிப்படைப் பிரிவுகளையும் மாணவர்கள் தேர்வில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு எதிரே உட்காரச் சொன்னால் பேனாவையும் படிவத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளாக ஒரு பயிற்சி கொடுத்துப் பார்க்கிறேன்: துறை எடுத்த முடிவை அந்தக் குழந்தைக்கே கடிதமாக எழுத வேண்டும். முதல் வரைவு பெரும்பாலும் “நலன் கருதி இடமாற்றம் செய்யப்படுகிறது” என்றுதான் வரும். ஒரு மாணவர் ஐந்து முறை அடித்துத் திருத்திய பிறகு இப்படி எழுதினார்: “உன்னையும் தம்பியையும் ஒரே வீட்டில் வைக்க இப்போது இடமில்லை. சனிக்கிழமை அவன் உன்னைப் பார்க்க வருவான். இது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் சொல். என்னிடம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் என் மேலதிகாரியிடம் சொல்.” என் 18 ஆண்டு அனுபவத்தில் இப்படி ஒரு கடிதம் நான் எழுதியதில்லை.

எனவே, அறிக்கைப் படிவத்தில் குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுத ஒரு முழுப் பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். அதன் அடியிலேயே, முடிவை எந்தத் தேதியில், யார், எந்தச் சொற்களில் குழந்தையிடம் சொன்னார்கள், குழந்தை என்ன பதில் சொன்னது என்பதையும் பதிய வேண்டும். இல்லத்தில் வைக்கப்பட்ட குழந்தையின் நிலையை உடன்படிக்கையின் 25ஆம் பிரிவின்படி அவ்வப்போது பார்க்கும் மறுஆய்வில் முதலில் படிக்கப்படுவது அந்தப் பக்கமாக இருக்கட்டும். குழந்தையின் சொற்கள் யார் கண்ணிலும் படும்படி கிடக்கக் கூடாது என்பதால், அதைப் பார்க்க அனுமதி உள்ளவர்களின் பட்டியலும் வேண்டும்.

வேலைப்பளு கூடும் என்று களப்பணியாளர்கள் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது. இப்போது ஒரே குடும்ப விவரத்தை மூன்று படிவங்களில் மூன்று தடவை எழுதுகிறோம். இரண்டை நீக்கினாலே இதற்கு நேரம் கிடைத்துவிடும்.

பாடத்திட்டத்தில் குழந்தையோடு பேசும் பயிற்சி, மேற்பார்வையோடு கூடிய களப்பணி நேரமாகக் கணக்கில் வர வேண்டும். இல்லங்களில் வளர்ந்து பெரியவர்களானவர்களை, விருப்பமுள்ளவர்களை மட்டும், மதிப்பூதியம் கொடுத்து வகுப்புக்கு அழைக்க வேண்டும். அப்புறம், எங்களைப் போன்ற மேற்பார்வையாளர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவை. நாங்கள் படித்த காலத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

மாதிரிப் பக்கம் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். அழைத்தால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
களப்பணி மேற்பார்வையாளர்

இணைப்பு: மாதிரிப் பக்கம் – 1